வேக்கம் போட்டால் நின்றுவிடும் மெஷின்: பிள்ளைகளுக்காக ஒரு சின்ன சிஎன்சி

ஒருவழியாக, கம்ப்யூட்டர் கட்டளைப்படி நகர்ந்து மரம் செதுக்கும் என் சிஎன்சி மெஷின் ஒரு முழு வேலையை நிற்காமல் முடித்துவிட்டது. 6 மி.மீ. பிளைவுட்டில் ஒரு பெயர்ப்பலகை; எழுத்துகள் முதலில், சுற்று வெட்டு கடைசியில். வேக்கம் கிளீனர் தானாக ஓட ஆரம்பித்தது, வேலை முடிந்ததும் தானாக நின்றது, நடுவில் அலாரம் எதுவும் வரவில்லை. இந்த அளவு மெஷின் வைத்திருக்கிற யாருக்கும் இது சாதாரண வேலைதான். ஆனால் இது நான் தனியாக உட்கார்ந்து ஓட்டுகிற மெஷின் இல்லை. பதினோரு வயதிலிருந்து பதினைந்து வயது வரை உள்ள பிள்ளைகள் சுற்றி நின்று மாறி மாறி ஓட்டுவது. மெஷின் பாதியில் நின்றால் பெரியவர்கள் திட்டிவிட்டு மறுபடி போடுவார்கள். தன் பெயரில் பாதி மட்டும் செதுக்கிய பலகையோடு ஒரு சிறுமி நிற்கும்போது அவளிடம் 'இது ஹார்டு லிமிட் பிரச்சினைம்மா' என்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது. அதனால் நம்பி ஓட்ட முடிகிற மெஷின் முதலில், துல்லியமெல்லாம் அப்புறம் என்று வைத்துக்கொண்டேன். செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

மெஷின் எல்லோரும் 3018 என்று சொல்கிற வகை. பெயரே அளவுதான், 300 மி.மீ.க்கு 180 மி.மீ.; மேலும் கீழுமாக 45 மி.மீ. அலுமினியச் சட்டம், 10 மி.மீ. உருளைக் கம்பிகள், அச்சுகளை நகர்த்தும் டி8 லீட் ஸ்க்ரூ, அதைச் சின்னச் சின்ன ஸ்டெப்பாகச் சுற்றும் நீமா 17 ஸ்டெப்பர் மோட்டார் மூன்று, வெட்டும் ஸ்பிண்டிலாக ஒரு 775 மோட்டார், அதன் நுனியில் கட்டரைப் பிடிக்கும் ஈஆர்11 காலெட். கூட வந்த போர்டைக் கழற்றி வைத்துவிட்டு அர்டுயினோ ஊனோ என்ற குட்டிக் கட்டுப்பாட்டு போர்டு, அதன் மேல் செருகும் சிஎன்சி ஷீல்டு வி3, மோட்டார்களுக்கு மின்னோட்டம் கொடுக்கும் ஏ4988 டிரைவர்கள் என்று மாற்றினேன். பழைய போர்டு மோசம் என்று இல்லை. எந்த வயர் எங்கே போகிறது என்று பிள்ளைகளுக்கு விரல் வைத்துக் காட்ட இதுதான் வசதி, ஒரு டிரைவர் எரிந்தால் பிடுங்கிவிட்டு வேறொன்று செருகினால் போதும். உள்ளே ஓடுவது ஜிஆர்பிஎல் 1.1, அதாவது வரி வரியாக வரும் ஜி-கோடு கட்டளைகளை மோட்டார் நகர்வாக மாற்றும் ப்ரோகிராம்.

இந்த ஷீல்டை வாங்குகிறவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அச்சு ஓரத்தைத் தொட்டதும் மெஷினை நிறுத்துவது லிமிட் சுவிட்ச் (எண்ட்ஸ்டாப்), இசட் என்பது மேல்-கீழ் அச்சு. இசட் எண்ட்ஸ்டாப் என்று அச்சிட்டிருக்கும் பின்னில் இசட் சுவிட்சை மாட்டினால் ஒன்றும் நடக்காது. ஜிஆர்பிஎல் 0.9 வந்தபோது 11-ஆம் பின் ஸ்பிண்டில் வேகத்துக்குப் போய், இசட் லிமிட் 12-க்கு இடம் மாறிவிட்டது. ஷீல்டின் மேல் உள்ள எழுத்து மட்டும் பழையபடியே இருக்கிறது. ஆகவே இசட் சுவிட்ச் போக வேண்டிய இடம் ஸ்பிண்டில் எனேபிள் என்று எழுதியிருக்கும் பின். இது தெரியாமல் நல்ல சுவிட்சைத் தூக்கிப் போட்டவர்கள் நிறையப் பேர்.

டிரைவரை மாட்டுவதற்கு முன் மின்னோட்டத்தைச் சரிசெய்ய வேண்டும். ஏ4988-இல் ஒரு குட்டித் திருகு இருக்கும். அந்தத் திருகுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்து வோல்டேஜ் பார்க்க வேண்டும். எவ்வளவு வைப்பது என்பது டிரைவரில் இருக்கிற சின்னக் கறுப்பு ரெசிஸ்டரைப் பொறுத்தது. ஆர்100 என்று இருந்தால் 0.8 வோல்ட் வைத்தால் 1 ஆம்பியர் வரும். ஆர்050 என்று இருந்தால் அதே 1 ஆம்பியருக்கு 0.4 வோல்ட் போதும். எனக்கு வந்த டிரைவர்களில் இரண்டு ஆர்100, ஒன்று ஆர்050. பார்க்க மூன்றும் ஒரே மாதிரி. லென்ஸ் வைத்துப் பார்க்காமல் மூன்றுக்கும் ஒரே வோல்டேஜ் வைத்திருந்தால் ஒரு மோட்டார் மட்டும் இரண்டு மடங்கு மின்னோட்டத்தில் கொதித்திருக்கும். கரண்ட் இருக்கும்போது மோட்டார் வயரைப் பிடுங்கக் கூடாது, பிடுங்கினால் டிரைவர் போய்விடும். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி மட்டும் விடவில்லை, அந்தக் கனெக்டர்கள் மேல் சிவப்பு டேப்பும் ஒட்டிவிட்டேன்.

முதல் கட்டத்தில் ஸ்பிண்டிலே கிடையாது, பேனாதான். ஸ்பிண்டில் இருக்கும் இடத்தில் ஒரு குழாய், அதற்குள் ஸ்பிரிங், ஸ்பிரிங்குக்குக் கீழே ஒரு சாதாரண ஜெல் பேனா. இசட் 2 மி.மீ. கூடுதலாக இறங்கினாலும் ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும், தாள் கிழியாது. இந்தக் கட்டத்தைத் தாண்டிவிட எனக்கே ஆசை இருந்தது, மரம் வெட்டத்தானே மெஷின் என்று. ஆனால் மெஷினில் இருந்த கோளாறுகளில் முக்கால்வாசியைக் காட்டிக்கொடுத்தது பேனாதான், அதுவும் ஒரு தாளின் செலவில்.

முதல் கோடே தப்பு. 100 மி.மீ. போகச் சொன்னால் 62.5 மி.மீ. போனது. ஜிஆர்பிஎல் முதலில் வரும்போது ஒரு மி.மீ.க்கு 250 ஸ்டெப் என்று வைத்திருக்கும். என்னுடைய ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. நகர்கிற வகை, மோட்டாருக்கு ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப், டிரைவர் அதைப் பதினாறாகப் பிரிக்கிறது, ஆக 3200-ஐ 8-ஆல் வகுத்தால் 400. ஜிஆர்பிஎல்லின் $100, $101, $102 என்ற செட்டிங் மூன்றிலும் 400 போட்டதும் சரியாகிவிட்டது. உங்கள் ஸ்க்ரூ சுற்றுக்கு 2 மி.மீ. அல்லது 4 மி.மீ. வகையாக இருக்கலாம், ஆகவே எண்ணைக் காப்பியடிக்காமல் ஸ்க்ரூவின் மேல் ஒரு கோடு போட்டு ஒரு சுற்று சுற்றி அளந்து பாருங்கள். சிலர் ஸ்கேலை வைத்து அளந்துவிட்டு 401.7, 398.2 என்றெல்லாம் போடுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அந்த வித்தியாசம் பெரும்பாலும் நட்டின் ஆட்டம் அல்லது ஸ்கேலைப் படித்த கண்ணின் குறை, ஸ்க்ரூவின் குறை அல்ல.

அப்புறம் ஒரு பையன் வட்டம் போட்டான். தாளில் முட்டை விழுந்தது. அகலம் 40, உயரம் 80. அவன் எழுதிய ஜி-கோடை வரி வரியாகப் பார்த்தோம், அதில் தப்பே இல்லை. ஒரு திசை மட்டும் சரியாக இரண்டு மடங்கு என்பதுதான் துப்பு. ஒவ்வொரு டிரைவருக்கும் அடியில் மூன்று ஜம்பர் (இரண்டு பின்னை இணைக்கும் குட்டி மூடி) இருக்கும், மூன்றும் இருந்தால் பதினாறாகப் பிரிக்கும். ஒய் அச்சில் மூன்றாவது ஜம்பர் கழன்று கீழே கிடந்தது. மீதி இரண்டோடு அது எட்டாகத்தான் பிரித்திருக்கிறது. இதை அந்தப் பையனே கண்டுபிடித்தான் என்று எழுத ஆசைதான், ஆனால் மேசைக்கு அடியில் கிடந்த ஜம்பரைப் பார்த்து "இது எங்க இருந்து விழுந்துச்சு அண்ணா?" என்று எடுத்துக் கொடுத்தது அவன் தங்கை.

சட்டம் சதுரமாக இருக்கிறதா என்று பார்க்கவும் பேனாதான். 120-க்கு 160 ஒரு செவ்வகம் வரையுங்கள். இரண்டு மூலைவிட்டமும் 200 வர வேண்டும். எனக்கு ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் 0.8 மி.மீ. வித்தியாசம் வந்தது. அதாவது 160 மி.மீ. போவதற்குள் கிட்டத்தட்ட 0.7 மி.மீ. சாய்கிறது. பெயர்ப்பலகைக்குப் பரவாயில்லை, பெட்டி செய்தால் மூலை சேராது. ஸ்பிண்டிலைத் தாங்கும் குறுக்குப் பாலத்தின் ஒரு பக்க போல்ட்டுகளை லேசாக இளக்கி, அந்தப் பக்கத்தை முன்னுக்குத் தள்ளி, மறுபடி இறுக்கி, மறுபடி வரைந்து பார்த்து, இப்படியே 0.1-க்குள் கொண்டுவந்தோம். பிள்ளைகள் இதில் சலித்துப்போவார்கள் என்று நினைத்தேன். மாறாக, மூலைவிட்டத்தை யார் துல்லியமாக அளக்கிறார்கள் என்று போட்டியே நடந்தது.

ஜி-கோடைக் கையால்தான் எழுத வைத்தேன், படம் போட்டு சாஃப்ட்வேரில் மாற்றுவதெல்லாம் பிறகு. 1967-இல் சீமோர் பேப்பர்ட்டும் அவரோடு இருந்தவர்களும் லோகோ என்ற மொழியைச் செய்தார்கள்; பிறகு அதில் ஓர் ஆமையை முன்னே போ, வலது பக்கம் திரும்பு என்று ஓட்டிப் பிள்ளைகள் வடிவக்கணிதம் கற்க வழி வந்தது. என் கூட்டத்தில் இரண்டு மூன்று பேருக்கு அந்த ஆமை பழக்கம். அவர்களுக்கு இங்கே முதலில் சிக்கல், ஏனென்றால் ஜி-கோடில் திரும்பு என்ற கட்டளையே இல்லை, போக வேண்டிய இடத்தைத்தான் சொல்ல வேண்டும். நட்சத்திரம் வரைய 144 டிகிரி திரும்பு என்று எழுதிப் பழகியவர்கள், 40 மி.மீ. ஆர வட்டத்தில் ஐந்து புள்ளிகளைக் கணக்குப் போட வேண்டியதாயிற்று. 0, 40. அடுத்தது 38.04, 12.36. அதற்கடுத்து 23.51, கழித்தல் 32.36. மறுபக்கம் இதே எண்கள்தான், எக்ஸ் மட்டும் குறி மாறும் என்று ஒரு சிறுமி சட்டென்று சொல்லிவிட்டாள், மீதிப் பேர் கால்குலேட்டரை வைத்துவிட்டார்கள்.

எல்லா ப்ரோகிராமுக்கும் முதல் வரி ஜி21 ஜி90 என்பதை மட்டும் சட்டமாக வைத்திருக்கிறேன். மி.மீ., நேரடி ஆயங்கள். ஒருவர் ஜி91 போட்டு முடித்துவிட்டுப் போனால், மெஷின் அதை ஞாபகம் வைத்திருக்கும். அடுத்து வருபவர் எக்ஸ் 100 என்று எழுதினால் 100-க்குப் போகாது, இருக்கும் இடத்திலிருந்து இன்னும் 100 போகும், போய் ஓரத்தில் இடிக்கும். பேனா என்றால் சிரிப்போடு முடியும்.

ஸ்பிண்டிலுக்கு மாறும்போது வேலை மெதுவாகிவிட்டது. கட்டர் அடிவரை இறங்கினால் வெட்டுப்படுவதற்கென்றே கீழே ஒரு பலி பலகையாக 12 மி.மீ. எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) போட்டு, அதன் மேற்பரப்பை மெஷினை வைத்தே சீவிச் சமப்படுத்தினேன். இதைச் செய்யாமல் இருந்தால் ஒரு மூலையில் எழுத்து ஆழமாகவும் எதிர் மூலையில் கீறலாகவும் விழும். கிளாம்ப் போடுவதை நிறுத்திவிட்டேன். பிள்ளைகள் ஓட்டும்போது கட்டர் கிளாம்பில் மோதுவது எப்போதோ நடக்கும் விபத்து அல்ல, அன்றாடம் நடப்பது. பலகையின் அடியிலும் கீழ்ப் பலகையிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, இரண்டு டேப்புக்கும் நடுவே சூப்பர் க்ளூ போட்டு அழுத்தினால் சின்ன வேலைகளுக்குக் கச்சிதமாகப் பிடிக்கும், பிரிக்கும்போது சுத்தமாகவும் வரும்.

கட்டர் 3.175 மி.மீ. தண்டு, ஒற்றை வெட்டு விளிம்பு. 775 மோட்டார் 24 வோல்ட்டில் நிமிடத்துக்குச் சுமார் 10,000 சுற்று. பிளைவுட்டில் 600 மி.மீ. நிமிடத்துக்கு, ஒரு முறைக்கு 0.5 மி.மீ. ஆழம். கணக்குப்படி ஒரு சுற்றுக்கு 0.06 மி.மீ. சீவுகிறது. இன்னும் வேகமாகப் போகலாம், 3018-இன் சட்டம் தாங்காது, முனகும். அக்ரிலிக்கில்தான் பாடம் கிடைத்தது. பயந்து 200-இல் ஓட்டினோம், கட்டரைச் சுற்றி உருகிய பிளாஸ்டிக் உருண்டையாகக் கட்டிக்கொண்டது. மெதுவாகப் போனால் பாதுகாப்பு என்று எல்லோருக்கும் தோன்றும். ஆனால் அக்ரிலிக்கில் மெதுவாகப் போகும் கட்டர் சீவாமல் தேய்க்கிறது, தேய்த்தால் சூடு. 800-க்கு ஏற்றி ஆழத்தை 0.3 ஆகக் குறைத்ததும் வெள்ளைச் சீவல் பறந்தது. அதோடு, வார்த்து எடுத்த அக்ரிலிக்தான் வாங்க வேண்டும். பிதுக்கி எடுத்த வகை சீக்கிரம் இளகிவிடுகிறது, எந்த வேகம் வைத்தாலும் கொஞ்சம் படுத்தும்.

இனி தலைப்புக்கு வருகிறேன். எம்டிஎஃப் தூசி மிக நுண்ணியது, பிள்ளைகள் மூச்சில் போகக் கூடாது. மாஸ்க் போடச் சொன்னால் போடுவார்கள், பத்து நிமிடத்தில் தாடைக்கு இறங்கிவிடும். வேக்கம் போடச் சொன்னால் மறப்பார்கள். ஆகவே வேக்கம் தானாக ஓட வேண்டும் என்று முடிவு. ஜிஆர்பிஎல்லில் இதற்கு வசதி இருக்கிறது. கட்டரைக் குளிர்விக்கும் கூலன்ட்டுக்கான எம்8 கட்டளை வந்தால் ஏ3 பின் உயரும், எம்9 வந்தால் இறங்கும். நம் வேலையில் கூலன்ட் எங்கே இருக்கிறது? அந்தப் பின்னில் ஒரு ரிலே, அதாவது சிக்னலால் இயங்கும் சுவிட்ச், மாட்டினால் வேக்கம் அதன் பேச்சைக் கேட்கும். ப்ரோகிராமின் ஆரம்பத்தில் எம்8, பிறகு ஸ்பிண்டிலைக் கிளப்பும் எம்3, பிறகு ஜி4 பி3, அதாவது மூன்று நொடி காத்திரு, அதற்குள் ஸ்பிண்டில் வேகம் பிடித்துவிடும். முடிவில் ஸ்பிண்டிலை நிறுத்தும் எம்5, ஜி4 பி5, எம்9. அந்தக் கடைசி ஐந்து நொடியில் குழாயில் மிச்சமிருக்கும் தூசியும் போய்விடுகிறது.

ரிலேயில் இரண்டு விஷயம். சந்தையில் கிடைக்கும் நீல ரிலே மாட்யூல்கள் பல, சிக்னல் இறங்கினால் ஓடும் வகை. ஏ3 உயர்ந்தால் ஓட வேண்டும் என்பது நம் தேவை. ஜம்பர் போட்டு இரண்டு வகையிலும் வைக்கக்கூடிய மாட்யூலாகப் பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் மெஷின் சும்மா இருக்கும்போது வேக்கம் அலறும், வெட்டும்போது அமைதியாகிவிடும். இரண்டாவது, அதன் மேல் 10 ஆம்பியர் என்று எழுதியிருப்பதை நம்பி வேக்கத்தை நேராக மாட்டக் கூடாது. வேக்கம் மோட்டார் கிளம்பும் கணத்தில் இழுக்கும் மின்னோட்டம் ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு. என் ரிலேயின் தொடுமுனை உருகி ஒட்டிக்கொண்டது. எம்9 கொடுத்தாலும் வேக்கம் நிற்கவில்லை, பிளக்கைப் பிடுங்கித்தான் நிறுத்தினோம். இப்போது அந்தக் குட்டி ரிலே, பெரிய மின்னோட்டம் தாங்கும் ரிலேயான ஒரு கான்டாக்டரின் காயிலை மட்டும் இயக்குகிறது, கான்டாக்டர்தான் வேக்கத்தை இயக்குகிறது. எல்லாம் எர்த் செய்த இரும்புப் பெட்டிக்குள். இந்தப் பெட்டியை மட்டும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் செய்தேன், பிள்ளைகள் திறக்க முடியாதபடி பூட்டும் உண்டு.

இவ்வளவும் செய்து எம்8 போட்டால், வேக்கம் உறுமும் அதே நொடியில் அலாரம் 1. ஜிஆர்பிஎல் மொழியில் லிமிட் சுவிட்ச் அழுந்திவிட்டது, நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்கே நிச்சயமில்லை என்று பொருள். சுவிட்சைத் தொட்டவர் யாரும் இல்லை, மெஷின் நடுவில் நிற்கிறது.

முதலில் சந்தேகப்பட்டது யூஎஸ்பி கேபிளை, மாற்றியும் பயனில்லை. பிறகு ப்ரோகிராம் அனுப்பும் சாஃப்ட்வேரை. அதையும் மாற்றினோம், அலாரம் அதேபடி. வேறு அர்டுயினோவும் போட்டுப் பார்த்தாயிற்று. இதற்கிடையே சில சமயம் அலாரமே இல்லாமல் நின்றது, அதுதான் குழப்பத்துக்குக் காரணம். ஒரு சிறுமி நோட்டில் கட்டம் போட்டு, ஒவ்வொரு முறை நின்றபோதும் ஸ்பிண்டில் ஓடியதா, வேக்கம் ஓடியதா, திரையில் என்ன வந்தது, அப்போது யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று எழுதிவைத்தாள். கடைசிப் பத்தி எதற்கு என்று கேட்டதற்கு, "யாராவது தொட்டிருக்கலாம்ல" என்றாள். அந்தப் பத்திதான் விஷயத்தைப் பிரித்துக் கொடுத்தது. அலாரம் 1 வந்தவை எல்லாம் வேக்கம் கிளம்பும்போது அல்லது நிற்கும்போது. அலாரம் இல்லாமல், கம்ப்யூட்டரில் யூஎஸ்பி போர்ட்டே காணாமல் போனவை, வேக்கம் கொஞ்ச நேரம் ஓடிய பிறகு, அதுவும் யாராவது வேக்கம் குழாயை நகர்த்தியபோது. நோய் ஒன்றல்ல, இரண்டு.

முதலாவதைச் சோதிப்பது எளிது. $21-ஐ 0 ஆக்கினால் ஹார்டு லிமிட் கண்காணிப்பு நிற்கும். அப்படிப் போட்டதும் அலாரம் வரவில்லை. ஆக, கான்டாக்டர் போடும்போது எழும் மின் இரைச்சல் லிமிட் வயரில் ஏறி, சுவிட்ச் அழுந்தியது போலக் காட்டுகிறது. பலர் இங்கேயே $21-ஐ 0 ஆக விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். தனியாக ஓட்டுகிறவருக்குச் சரி. பிள்ளைகள் கைக்குக் கொடுக்கிற மெஷினில் அந்தக் காவலை எடுக்க எனக்கு மனமில்லை.

வயரைப் பார்த்தால் குற்றம் அப்பட்டமாகத் தெரிந்தது. மூன்று லிமிட் வயர்களும் மெல்லிய சாதாரண வயர், அழகாக இருக்கட்டும் என்று ஸ்பிண்டில் வயரோடும் வேக்கத்தின் மெயின் வயரோடும் ஒரே சங்கிலித் தடத்தில் டை போட்டுக் கட்டியிருந்தது. சுவிட்ச் அழுத்தினால்தான் இணையும் வகை, மற்ற நேரம் அந்த வயர் எதிலும் சேராமல் அந்தரத்தில். அந்த வயரை 5 வோல்ட்டில் பிடித்துவைக்க அர்டுயினோவின் உள்ளேயே இருக்கும் புல்-அப் ரெசிஸ்டர் 20 முதல் 50 கிலோ ஓம் வரை, மிகப் பலவீனம். இரைச்சலுக்கு ஆன்டெனா கட்டிக் கொடுத்த மாதிரி.

செய்தது இவ்வளவுதான். சுவிட்சுகளை எப்போதும் இணைந்திருந்து அழுத்தினால் பிரியும் வகைக்கு மாற்றி, $5-ஐ 1 ஆக்கினோம். இதில் இன்னொரு லாபம், வயர் அறுந்தாலோ கனெக்டர் கழன்றாலோ உடனே அலாரம் வரும். முன்பு வயர் அறுந்தால் மெஷினுக்குத் தெரியவே தெரியாது. வயரைச் சுற்றி உலோக உறை உள்ள ஷீல்டு வயராக மாற்றி, அந்த உறையை போர்டு பக்கம் மட்டும் கிரவுண்டு செய்தோம், இரண்டு பக்கமும் செய்யக் கூடாது. ஒவ்வொரு லிமிட் பின்னிலும் 5 வோல்ட்டுக்கு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர், கிரவுண்டுக்கு 0.1 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர். கான்டாக்டர் காயிலுக்குக் குறுக்கே, அது எழுப்பும் இரைச்சலை அடக்க ஒரு ஸ்னப்பர். மெயின் வயரைத் தனி வழியில் எடுத்து, லிமிட் வயரைக் கடக்க வேண்டிய இடத்தில் குறுக்காகக் கடக்க வைத்தோம். ரெசிஸ்டர்களையும் கப்பாசிட்டர்களையும் பிள்ளைகளே ஒரு துண்டு போர்டில் சால்டர் வைத்தார்கள். ஒன்றிரண்டு சால்டர் உருண்டையாக நின்றதை மறுபடி சூடாக்கினோம். ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒவ்வொன்றாகச் சோதித்திருந்தால் எது குணப்படுத்தியது என்று உறுதியாகச் சொல்லியிருக்கலாம். எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்ததால் சொல்ல முடியவில்லை. பெரும்பங்கு வயரைப் பிரித்து எடுத்ததில்தான் என்பது என் ஊகம்.

இரண்டாவது நோய் நிலைமின்சாரம். பிளாஸ்டிக் குழாயில் உலர்ந்த மரத்தூசி உரசிக்கொண்டே போனால் குழாய் முழுக்க மின்னூட்டம் ஏறும். குழாய் சட்டத்தைத் தொட்டால் பளிச், யூஎஸ்பி அறுந்துவிடும். காற்று உலர்ந்திருக்கும் நாளில் அடிக்கடி, ஈரமான நாளில் அபூர்வம். குழாய்க்கு உள்ளே உறையில்லாத செம்புக் கம்பி ஒன்றை நீளத்துக்கும் ஓட்டி எர்த்தில் சேர்த்தோம், மெஷின் சட்டத்தையும் எர்த் செய்தோம். அலுமினியச் சட்டத்தில் மேல்பூச்சு மின்சாரம் கடத்தாது, போல்ட் வைக்கும் இடத்தில் சுரண்டிவிட்டுத்தான் எர்த் கொடுக்க வேண்டும். யூஎஸ்பி கேபிளைக் குட்டையாக்கி இரண்டு முனையிலும் இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் மணி. அதற்கப்புறம் போர்ட் காணாமல் போகவில்லை.

வேக்கம் தானாக ஓடுவது வெற்றி பெற்றதும் எல்லாவற்றையும் தானாக்கிவிடலாம் என்று கை அரிக்கும். கதவுக்கு மட்டும் செய்தேன். மெஷினைச் சுற்றி அக்ரிலிக் பெட்டி, கதவில் சுவிட்ச், அது ஏ1 பின்னில். ஜிஆர்பிஎல்லைக் கம்பைல் செய்யும்போது சேஃப்டி டோர் வசதியை இயக்கிவிட்டால், கதவு திறந்ததும் நகர்வு நிற்கும், ஸ்பிண்டிலும் வேக்கமும் அணையும். கதவை மூடினால் மட்டும் மறுபடி கிளம்பாது, தொடரச் சொல்லிக் கட்டளை கொடுக்க வேண்டும், அது நல்லது. எமர்ஜென்ஸி பொத்தானை ரீசெட் பின்னில் மாட்டும் வழக்கம் ஒன்று இருக்கிறது. நான் மாட்டவில்லை. போர்டு தொங்கிப்போன நேரத்தில்தான் அந்தப் பொத்தான் தேவைப்படும். அப்போது போர்டிடம் கேட்டுவிட்டு நிற்கும் பொத்தான் எதற்கு? ஸ்பிண்டிலுக்கும் மோட்டார்களுக்கும் போகும் 24 வோல்ட்டை நேராக வெட்டுகிறது என்னுடையது.

இசட் பூஜ்யத்தை மட்டும் கையாலேயே வைக்கச் சொல்கிறேன். கட்டருக்கும் பலகைக்கும் நடுவே ஒரு தாளை வைத்து, 0.1, பிறகு 0.02 என்று இறக்கி, தாள் லேசாகப் பிடிபட்டதும் நிறுத்துவது. கட்டர் தொட்டதும் மெஷினுக்குத் தெரிவிக்கும் ப்ரோப் தகடு இருக்கிறது, ஜி38.2 கட்டளையில் தானாகச் செய்யும், நேரமும் மிச்சம். ஆனால் கட்டரில் கிளிப்பை மாட்ட மறந்தால் அது தகட்டுக்குள் இறங்கிக்கொண்டே போகும். தாள் முறையில் செய்யும் பிள்ளை அந்த நேரம் முழுக்கக் கட்டரின் நுனியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, அடுத்த நிமிடம் எங்கே வெட்டப் போகிறது என்று அதற்குத் தெரிகிறது. தாளில் கைவந்தவர்களுக்குத்தான் ப்ரோப். அவர்களும் முதலில் தகட்டைக் கையில் எடுத்துக் கட்டரைத் தொட்டு, திரையில் ப்ரோப் அடையாளம் வருகிறதா என்று பார்த்துவிட்டே கட்டளை கொடுக்க வேண்டும். கண்ணாடி போடுவது, முடியைக் கட்டுவது, சுழலும் ஸ்பிண்டில் பக்கத்தில் கையுறை போடாமல் இருப்பது, முதல் ஓட்டத்தை இசட்டை 10 மி.மீ. தூக்கிவைத்துக் காற்றில் ஓட்டிப் பார்ப்பது, இவையும் கைவேலைதான். இவற்றை எந்தப் பின்னிலும் மாட்ட முடியாது.

செலவைப் பற்றி: மெஷினுக்கு ஆனதை ஒரு பங்கு என்று வைத்தால், வேக்கம், கான்டாக்டர் பெட்டி, எர்த், அக்ரிலிக் மூடி எல்லாம் சேர்ந்து ஒன்றரைப் பங்குக்கு மேல் போய்விட்டது. உடைந்த கட்டர்கள் தனி. நோயைத் தீர்த்த ரெசிஸ்டர், கப்பாசிட்டர், ஷீல்டு வயர் எல்லாவற்றுக்கும் ஆனது ஒரு நல்ல கட்டரின் விலையைத் தாண்டாது. மெஷின் மட்டும் வாங்கிவிட்டுப் பட்ஜெட் முடிந்தது என்று நினைக்கிறவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.

மறுபடி கட்டினால் அர்டுயினோ ஊனோ வேண்டாம். அதன் 32 கிலோபைட்டில் ஜிஆர்பிஎல் ஏற்கெனவே நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறது, புதிதாக ஒன்று சேர்க்க இடமில்லை. ஜிஆர்பிஎல் வழியில் வந்த ஃப்ளூயிட்என்சி ஓடுகிற ஈஎஸ்பி32 போர்டு, அதுவும் லிமிட் பின்களுக்கு ஆப்டோகப்ளர் (சிக்னலை ஒளி வழியாகக் கடத்தி, வயரை போர்டிலிருந்து பிரித்துவைப்பது) வைத்ததாகப் பார்ப்பேன். பித்தளை நட்டுக்குப் பதில் ஸ்பிரிங் வைத்த ஆன்டி-பேக்லாஷ் நட்டை ஆரம்பத்திலேயே போடுவேன். டயல் கேஜில் 0.15 மி.மீ. ஆடிய எக்ஸ் அச்சு இப்போது 0.03-இல் நிற்கிறது. ஷீல்டு வயர் முதல் நாளே. உருளைக் கம்பிக்குப் பதில் லீனியர் ரெயில் போடலாமா என்று யோசனை இருக்கிறது, பிளைவுட்டுக்கு அவசியமில்லை.

அதற்கு முன்னால் 775 மோட்டாரை மாற்றியாக வேண்டும். இரண்டு நாளாக ஓடும்போது கரகரவென்று ஒரு சத்தம், காற்றோட்டத் துளை வழியாகப் பார்த்தால் பொறி பறக்கிறது. கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. மாற்று மோட்டார் வந்ததும் பழையதைப் பிள்ளைகளிடம் பிரிக்கக் கொடுக்கப் போகிறேன்.